திருகோணமலையில் யார் முதலிடலாம்? அதை எங்கே தீர்மானிக்கிறார்கள்?

2022 ஜனவரியில் திருகோணமலைச் சீனக்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்களுக்கான உடன்படிக்கை இந்தியத் தரப்போடு கையெழுத்தானது. 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை வலுசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இரண்டு தடவையும் ஊரில் கேட்ட கேள்விகள் இரண்டுதான். "வித்துப்போட்டாங்களோ?" என்பது ஒன்று. "அவங்களுக்கு மட்டும் ஏன், வேற ஆக்களுக்கு ஏன் குடுக்கேல்லை?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு மேடை போட்டுப் பதில் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் பொறுமையாக எடுத்து விளக்குவதில்லை.

வெளிநாட்டு முதலீடு ஒன்று உள்ளே வருவதற்கு முன், அதனால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டா என்று அரசாங்கம் ஆராய்வதை முன்பரிசீலனை என்று சொல்லலாம். பல நாடுகளில் இதற்குத் தனிச் சட்டமும் குழுவும் கால எல்லையும் உண்டு. இலங்கையில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் பரிசீலனை நடக்கத்தான் செய்கிறது. எங்கே, எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் சீனக்குடா விளங்கும்.

முதலீடு எது, கடன் எது

வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொழும்புப் பங்குச் சந்தையில் கொஞ்சப் பங்கு வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போனால் அது நேரடி முதலீடு அல்ல. கம்பனியை நடத்துவதில் கை வைக்குமளவு பங்கு இருக்க வேண்டும். சர்வதேசக் கணக்கெடுப்பில் இதற்கு 10 வீதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். கடன் முற்றிலும் வேறு. கடன் கொடுத்தவருக்கு வட்டியும் முதலும்தான் உரித்து, நிர்வாகம் அல்ல.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதற்கு நம் நாட்டிலேயே காரணம் இருக்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கடனில் கட்டப்பட்டது. 2017இல் அது சீனா மேர்ச்சன்ட்ஸ் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, பெறுமதி 1.12 பில்லியன் டொலர். கட்டும்போது கடன், நடத்தும்போது முதலீடு. முன்பரிசீலனை கேட்பது இந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றித்தான்: நாளாந்தம் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் யார் கை?

ஆபத்து என்றால் என்ன ஆபத்து?

உலகெங்கும் இப்படிப் பரிசீலிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் மூன்று விடயங்களை.

1. நிறுத்திவிடும் வல்லமை. மின்சாரம், எரிபொருள், உணவு, தண்ணீர் போன்றவற்றை நெருக்கடி நேரத்தில் உரிமையாளர் நிறுத்தலாமா? நிறுத்தினால் நமக்கு வேறு வழி உண்டா?

2. பார்க்கும் வல்லமை. உள்ளே நிற்பவருக்கு எதெல்லாம் தெரியவரும்? திருகோணமலை உட்துறைமுகத்தைச் சுற்றி ஏதாவது ஒரு கரையில் நின்று பாருங்கள். கடற்படைத் தளம் ஒரு பக்கம், மா ஆலையின் இறங்குதுறை ஒரு பக்கம், சிமெந்து ஆலை, எண்ணெய் இறங்குதுறை, அதற்குப் பின்னால் விமானப்படைத் தளம். எல்லாம் ஒரே நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கின்றன. இங்கே ஒரு களஞ்சியம் போட இடம் கேட்பவரும், அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று பார்க்கும் இடத்தில்தான் இருக்கப்போகிறார்.

3. அரிய பொருளோ தொழில்நுட்பமோ கைமாறிப் போவது. இதற்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் எல்லாம் கிடைக்கின்றன. இப்போது அதை அரசுக் கம்பனிதான் அகழ்கிறது.

துறையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, வருபவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். பிறிமா மா ஆலை 1980 முதல் சிங்கப்பூர்க் கம்பனி ஒன்றின் கையில் ஓடுகிறது. நாடு சாப்பிடும் பாணில் பெரும் பங்கு அந்த மாவிலிருந்து வருகிறது. முதலாவது அளவுகோலின்படி பார்த்தால் இது கவலைப்பட வேண்டிய விடயம். ஆனால் சிங்கப்பூர் என்பதால் அந்தக் கவலை பெரிதாக எழுவதில்லை. அதே ஆலையை நாளை வேறொரு நாட்டின் அரசுக் கம்பனி வாங்கினால் டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் வோஷிங்டனிலும் யாராவது ஒருவர் வரைபடத்தை எடுத்து மேசையில் விரிப்பார்.

மற்ற நாடுகள் செய்வது

அமெரிக்கா 1975இலேயே இதற்கெனத் திறைசேரியின் தலைமையில் பல திணைக்களக் குழு ஒன்றை அமைத்தது. முதலில் 45 நாள் பரிசீலனை, தேவையென்றால் இன்னும் 45 நாள் விசாரணை, அதற்கு மேல் ஜனாதிபதிக்கு 15 நாள். பிரித்தானியாவின் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 17 துறைகளில் 25 வீதத்துக்கு மேல் பங்கு வாங்குபவர் கட்டாயம் அறிவிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் செய்த கொள்வனவு சட்டப்படி செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தீர்மானம் அந்தந்த நாட்டிடமே இருக்கிறது, ஆனால் 2020 ஒக்டோபரிலிருந்து நாடுகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல வேண்டும். இந்தியா 2020 ஏப்ரலில் எடுத்த வழி வேறு: தன்னோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு, எந்தத் துறையானாலும், அரசின் முன்அனுமதி வேண்டும் என்றது. அதில் சீனாவின் பெயர் கிடையாது. ஆனால் சீனாவை நினைத்துத்தான் எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முன்பரிசீலனை என்றால் ஒன்று அனுமதி, அல்லது மறுப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. ஹம்பர்க் துறைமுகத்தின் ஒரு கொள்கலன் முனையத்தில் சீனாவின் கொஸ்கோ 35 வீதம் கேட்டது. ஜேர்மன் அரசாங்கம் 2022இல் 25 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொன்னது. அந்த அளவில் லாபத்தில் பங்கு கிடைக்கும், தீர்மானங்களைத் தடுக்கும் பலம் கிடைக்காது.

திருகோணமலைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் அவுஸ்திரேலியாவின் டார்வின். 1942 பெப்ரவரியில் டார்வினைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிப் படையணியின் தளபதி நகுமோதான் அந்த ஏப்ரல் 9இல் திருகோணமலைக்கும் விமானங்களை அனுப்பினார். அங்கேயும் இயற்கையான ஆழ்துறைமுகம், அங்கேயும் பக்கத்தில் இராணுவத் தளங்கள். 2015இல் வட பிராந்திய அரசாங்கம் அந்தத் துறைமுகத்தை லேண்ட்பிரிட்ஜ் என்ற சீனத் தனியார் கம்பனிக்கு 99 ஆண்டுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது, 506 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு. அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு முதலீட்டைப் பரிசீலிக்கும் சபை ஏற்கெனவே இருந்தது. ஆனால் மாநில அல்லது பிராந்திய அரசாங்கம் தன் சொத்தை வெளிநாட்டுத் தனியாருக்குக் கொடுத்தால் அந்தச் சபைக்கு வர வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது, துறைமுகம் அதன் வழியே போய்விட்டது. அமெரிக்கா முகம் சுளித்தது. 2016இல் ஓட்டையை அடைத்தார்கள். 2023இல் மீளாய்வு செய்து, குத்தகையை ரத்துச் செய்யத் தேவையில்லை என்றார்கள். 2025 தேர்தல் காலத்தில் பிரதமரே துறைமுகத்தைத் திரும்ப எடுப்போம் என்று வாக்குறுதி கொடுத்தார். கையெழுத்துக்கு முன் சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலையைப் பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்வது பிழை. சட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவை கேட்கும் கேள்விகள் வேறு.

1. துறை வாசல். அந்நியச் செலாவணிச் சட்டமும் (2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) அதன் கீழான ஒழுங்குவிதிகளும், எந்தத் தொழிலில் வெளிநாட்டுக்காரர் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்று சொல்கின்றன. பெரும்பாலான துறைகளில் 100 வீதமும் வைத்திருக்கலாம். கனிமம், தேயிலை இறப்பர் தென்னைச் செய்கை, ஆழ்கடல் மீன்பிடி, ஊடகம் போன்றவற்றில் 40 வீதத்துக்கு மேல் வேண்டுமானால் முதலீட்டுச் சபையின் அனுமதி தேவை. ஆயுத உற்பத்தி, விமானப் போக்குவரத்து, கரையோரக் கப்பல் சேவை போன்றவற்றுக்கு உரிய அரச அதிகாரியின் அனுமதி வேண்டும். அடகு பிடித்தலும் கரையோர மீன்பிடியும் வெளிநாட்டு முதலீட்டுக்கு முழுவதுமாக மூடியவை.

2. காணி வாசல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கும் பாதிக்குப் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும், சில விதிவிலக்குகள் தவிர, காணியை விற்க முடியாது. அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகை.

3. சலுகை வாசல். 1978இல் தொடங்கிய சட்டத்தின் கீழ் இயங்கும் முதலீட்டுச் சபை முதலீட்டாளரோடு ஒப்பந்தம் செய்யும். 2008இல் மூலோபாய அபிவிருத்தித் திட்டங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பார்த்து இதுதான் பாதுகாப்புச் சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், அது பெரிய திட்டங்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கும் சட்டம்.

ஒரு கற்பனைக் கம்பனியை இந்த மூன்று வாசலாலும் நடத்திப் பார்ப்போம். கொட்டியார் குடாப் பக்கம் கப்பல் திருத்தும் தளம் போட வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வருகிறது. விண்ணப்பிப்பது கொழும்பில் பதிந்த கம்பனி. அதன் பங்கு முழுவதும் மொரீசியஸ் கம்பனி ஒன்றின் கையில். மொரீசியஸ் கம்பனிக்குப் பின்னால் ஒரு முதலீட்டு நிதியம், நிதியத்துக்குப் பணம் போட்டது எங்கோ ஒரு நாட்டின் அரச வங்கி. துறை? 40 வீதப் பட்டியலில் இல்லை. காணி? குத்தகைதான் கேட்கிறார்கள், பிரச்சினை இல்லை. சலுகை? இத்தனை மில்லியன் டொலர், இத்தனை வேலைவாய்ப்பு, கொடுக்கலாம். "கடைசியில் இந்தக் கம்பனி யாருடைய சொல்லைக் கேட்கும்?" என்ற கேள்விக்கு இந்த மூன்று வாசலிலும் சட்டப்படி ஓர் இடம் கிடையாது. 2025இல் கம்பனிகள் சட்டத்தைத் திருத்தி, உண்மையான உரிமையாளர் விவரத்தைப் பதிய வேண்டும் என்றார்கள். நல்லதுதான், ஆனால் பதிவது வேறு, பதிந்ததைப் பார்த்துத் தீர்மானிப்பது வேறு. முதலீடு வந்து மூன்று வருடம் கழித்து மொரீசியஸில் பங்கு கைமாறினால் கொழும்பில் யாரும் கையெழுத்துப் போடவேண்டியதுகூட இல்லாமல் போகலாம்.

நடைமுறையில் இவ்வளவு பெரிய விண்ணப்பம் அமைச்சரவைக்குப் போகும், பாதுகாப்பு அமைச்சிடமும் கேட்பார்கள். கேட்பார்கள் என்பது சரி. ஆனால் எந்த அளவுகோலை வைத்து, எத்தனை நாளில், மறுத்தால் என்ன காரணம் சொல்லி என்று எழுதிவைத்த ஒழுங்கு இல்லை. அதனால் ஆட்சி மாறினால் பதிலும் மாறுகிறது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை ஜப்பானோடும் இந்தியாவோடும் சேர்ந்து செய்வதாக 2019 மே மாதம் ஒத்துக்கொண்டதும், தொழிற்சங்கங்கள் எழும்பியதால் 2021 பெப்ரவரியில் கைவிட்டதும் இப்படித்தான்.

சீனக்குடா: கடிதமாக இருக்கும் முன்பரிசீலனை

எண்ணெய்க் குதங்களுக்கு வருவோம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவை. மேல், கீழ் என்று இரண்டு தொகுதி, சுமார் 850 ஏக்கர், மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட 10 இலட்சம் தொன். 1942 தாக்குதலில் எரிந்த 91ஆம் இலக்கக் குதத்தின் உருகிய இரும்பு இன்னும் அந்தக் காட்டுக்குள்தான் கிடக்கிறது. மிச்சம் 99.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதோடு இரு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறினார்கள். ஒப்பந்தத்தை வாசித்தவர்கள் பலர் கடிதங்களை வாசிப்பதில்லை. அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படாது. எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்குவது இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த கூட்டு முயற்சியாக இருக்கும்.

"வேற ஆக்களுக்கு ஏன் குடுக்கேல்லை?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கேள்விப் பத்திரம் கொழும்பில் தயாரானாலும் சீனக்குடாவுக்கான விடை 1987இலேயே எழுதப்பட்டுவிட்டது. 2003இல் இந்திய அரசின் எண்ணெய்க் கம்பனியான இந்தியன் ஒயிலின் இலங்கைக் கிளை, லங்கா ஐ.ஓ.சி., வந்ததும் அதன் தொடர்ச்சி. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 ஒரு கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்தார்கள். கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49. காலம் 50 ஆண்டு. ஆக, விற்கவில்லை, குத்தகை. அந்த 51 வீதம் ஹம்பர்க்கில் 25 வீதத்துக்குக் கீழே நிறுத்தியதைப் போன்ற ஓர் ஏற்பாடுதான். ஆனால் 51 வைத்திருப்பவரிடம் காசு இல்லையென்றால் திருத்த வேலையின் வேகத்தை 49 வைத்திருப்பவர்தான் தீர்மானிப்பார். பங்கு வீதத்தை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய முடியாது.

பக்கத்து வீட்டின் ஆட்சேபம்

வடக்கில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் காற்று, சூரிய மின்திட்டம் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. திட்டம் மிகச் சிறியது, அதுவும் முறையான கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) வென்றது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாந்தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகமே சொன்னது. பிறகு இந்திய நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஓர் இந்தியக் கம்பனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

இந்தியாவின் கவலை நியாயமா இல்லையா என்பது தனி வாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒழுங்கு. முதலில் கேள்விப்பத்திரம், அப்புறம் வெற்றியாளர், அதற்குப் பிறகு பாதுகாப்புக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டதும் வேறொரு நாடு. தீவுக்காரருக்கு மின்சாரம் அத்தனை வருடம் தள்ளிப்போனது. தனக்கென ஒரு சல்லடை வைத்திராத வீடு, பக்கத்து வீட்டுச் சல்லடையில் தன் மாவை அரிக்க வேண்டிவரும். இலங்கைக்கு ஒரு முன்பரிசீலனைச் சட்டம் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான். சட்டம் இருந்தாலும் டெல்லி பேசும், பெய்ஜிங்கும் பேசும். ஆனால் இவர்களுக்குச் சொல்ல கொழும்பின் கையில் எழுத்தில் ஒரு காரணம் இருக்கும்.

பிறகு தடுத்தால் என்ன செலவு?

இரண்டாவது காரணம் பணம். முதலீடு உள்ளே வருமுன் மறுத்தால் பெரும்பாலும் எந்த நட்டஈடும் இல்லை. வந்த பிறகு கை வைத்தால் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் குறுக்கே நிற்கும். இந்த விடயத்தில் உலகின் முதல் பாடமே கிழக்கு மாகாணத்தில்தான் எழுதப்பட்டது. மட்டக்களப்பில், அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த ஹொங்கொங்கின் கம்பனி ஒன்று முதலிட்டிருந்த ஓர் இறால் பண்ணை 1987 ஜனவரியில் பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் அழிந்தது. முதலீட்டாளரான ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ், இலங்கை பிரித்தானிய முதலீட்டு உடன்படிக்கையை வைத்து உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையத்துக்குப் போனது. 1990 ஜூனில் 4 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. இருநாட்டு முதலீட்டு உடன்படிக்கை ஒன்றை மட்டும் அடிப்படையாக வைத்து அந்த மையத்தில் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு அது. அதே தாக்குதலில் செத்த ஊர்ச் சனத்தின் குடும்பங்களுக்கு அப்படி ஒரு மன்றம் இருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

நம் அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை இன்னும் இறுக்கமானது. பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு சட்ட வலு உண்டு. அதற்கு எதிராகச் சட்டம் இயற்றவும் முடியாது, நிர்வாக நடவடிக்கை எடுக்கவும் முடியாது. ஒரே விலக்கு தேசியப் பாதுகாப்பு. அந்த விலக்கை எப்படி, எந்த ஒழுங்கில் பாவிப்பது என்று சொல்ல ஒரு சட்டம் இல்லாவிட்டால், நடுவர் மன்றத்தில் போய் "பாதுகாப்புக் காரணம்" என்று சொல்லும்போது, அது பிறகு கண்டுபிடித்த சாட்டாகத்தான் தெரியும்.

சட்டம் வந்தால் ஊருக்கு நல்லதா?

அதுவாக நல்லதாகிவிடாது. திருகோணமலையில் பாதுகாப்பு என்ற பெயரில் சனம் இழந்தது கொஞ்சமல்ல. 2006இல் போரில் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் திரும்பி வர முடியாதபடி அவர்களின் காணி உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அதிலேயே 818 ஏக்கர் வர்த்தமானி மூலம் முதலீட்டு வலயமாகி ஒரு கம்பனிக்குப் போனது. 2015இல்தான் அந்த வர்த்தமானியை ரத்துச் செய்தார்கள். இந்தியாவோடு சேர்ந்து போடவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தனையிலும் முதலீட்டாளர் யார் என்று கொழும்பிலும் டெல்லியிலும் பேசினார்கள். காணி யாருடையது என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. முன்பரிசீலனைச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்காது, அது அதன் வேலையும் அல்ல.

இன்னோர் ஆபத்து, காரணம் சொல்லாமல் மறுக்கும் வசதி. ஜப்பான் அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடு. அப்படியிருந்தும் நிப்பொன் ஸ்டீல் கம்பனி யு.எஸ். ஸ்டீலை வாங்குவதை 2025 ஜனவரியில் தேசியப் பாதுகாப்பு என்று சொல்லித் தடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் அடுத்த ஜனாதிபதி நிபந்தனைகளோடு அனுமதித்தார். பாதுகாப்பு நிலைமை மாறவில்லை, அரசியல்தான் மாறியது. நம் நாட்டில் இந்த வசதி ஓர் அமைச்சரின் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சட்டம் வருவதானால் துறைப் பட்டியலும் கால எல்லையும் எழுத்தில் வர வேண்டும். மறுப்புக்கும் நிபந்தனைக்கும் சுருக்கமாகவேனும் காரணம் வெளியிட வேண்டும். பங்கு கைமாறும்போது மறுபடி அறிவிக்கும் கடமையும் வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது தகவலறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்). அதன் 5ஆம் பிரிவு தேசியப் பாதுகாப்பைக் காட்டித் தகவல் மறுக்க இடம் கொடுக்கிறது, அதைத்தான் அதிகாரிகள் முதலில் நீட்டுவார்கள். 9ஆம் பிரிவை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அது பற்றி அறிவிக்கும் கடமை பொறுப்பான அமைச்சருக்கு உண்டு என்று அது சொல்கிறது. வலுசக்தி மையப் புரிந்துணர்வு உடன்படிக்கை இன்னும் முதலீடு அல்ல, முதலிட விரும்புகிறோம் என்ற எழுத்து. அது ஒரு கம்பனியாகவும் பங்கு வீதமாகவும் காணித் துண்டாகவும் மாறும் கட்டத்தில், 9ஆம் பிரிவைக் குறிப்பிட்டு வலுசக்தி அமைச்சின் தகவல் அதிகாரிக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதலாம். தமிழில் எழுதினால் போதும், காரணம் சொல்லவும் தேவையில்லை.